டீசல் கேனில் இரண்டாவது கோடு

ஒன்றைப்போல ஒன்று இல்லாத இரண்டுக்கு நடுவே நின்றுகொண்டு, இரண்டுக்கும் சரியான அளவு இதுதான் என்று ஒரு மனுஷியால் சொல்ல முடியுமா? சங்கரன்கோவிலில் ராஜபாளையம் ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் சுந்தரபாயின் வாழ்க்கையைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் இந்தக் கேள்விதான் எழும். அவளுக்கே அது எழுந்ததா என்பது தெரியாது. கேள்விகளை வாய்விட்டுக் கேட்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

கடையின் இடதுபக்க அலமாரி முழுவதும் டீசல் வண்டிச் சாமான்கள். வலதுபக்கம் பெட்ரோல் வண்டிக்குரியவை. நடுவில் ஒரு மர ஸ்டூல். அதில் இருந்தபடியே இரண்டு பக்கமும் கை நீட்டி எடுத்துவிடுவாள். ஊரில் அவளை நல்லவள் என்று யாரும் கொண்டாடியதில்லை. விற்ற எலக்ட்ரிக் சாமானைத் திருப்பி வாங்கமாட்டாள். பொய் சொல்லி ஒரு பொருளை மாற்ற வந்தவனிடம் பிறகு முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அளந்து பேசுகிறவள் என்று சொல்வார்கள். அதிலும் பாதி குறைதான் இருக்கும். ஆனால் டீசல் மெக்கானிக்குகளும் பெட்ரோல் மெக்கானிக்குகளும் ஒரே கடைக்கு வந்துபோவது இந்த ஊரில் அவள் கடைக்கு மட்டும்தான்.

மத்தியானத்தில் ரோடு அடங்கும். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஸ்டூலில் சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். அது தூக்கமும் அல்ல, விழிப்பும் அல்ல. ரோட்டில் போகும் வண்டிகளின் சத்தம் மட்டும் அவளுக்குள் போய்க்கொண்டிருக்கும். டீசல் வண்டி தூரத்திலிருந்தே தொண்டையைச் செருமிக்கொண்டு வரும். கடையைத் தாண்டிய பிறகும் அதன் அதிர்வு கண்ணாடிக் கதவில் கொஞ்ச நேரம் நிற்கும். பெட்ரோல் வண்டி வருவது தெரியாது, போவதுதான் தெரியும், துணியைக் கிழித்த மாதிரி. இரண்டும் ஒரே நேரத்தில் எதிரெதிராகக் கடக்கும் நொடியில், இரண்டிலும் சேராத மூன்றாவது சத்தம் ஒன்று பிறந்து உடனே இல்லாமல் போகும். அதற்காகத்தான் அவள் கண்ணை மூடுகிறாளோ என்று தோன்றும்.

கடை அவளுடைய அப்பா ஏசுவடியான் தொடங்கியது. அவருக்குப் பிள்ளைகள் இரண்டு: மூத்தவள் சுந்தரபாய், இளையவன் ஆசிர். படிப்பே பெரிய சொத்து என்று நம்பிய குடும்பம். ப்ளஸ் டூவில் சுந்தரபாய் வாங்கிய மார்க்குக்குப் பாளையங்கோட்டைக் கல்லூரியில் இயற்பியல் படிக்க இடம் கிடைத்திருந்தது. அந்த ஆண்டுதான் அம்மா படுக்கையில் விழுந்தாள். கடைக்கு ஆள் வேண்டும், வீட்டுக்கும் ஆள் வேண்டும். ஒரு வருஷம் பொறு என்றார் அப்பா. பொறுத்தாள். அடுத்த வருஷம் ஆசிருக்குப் பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் கிடைத்தது. ஒருவரைத்தான் வெளியூர் அனுப்ப முடியும். அன்று மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அப்பா சொன்னார்: "அவனுக்குப் படிப்பு. கடைய ஓம் பேருக்கு எழுதி வச்சிருதேன். ரெண்டும் ஒரே எடைதான். சரிதானா மக்கா?"

"சரிதான்" என்றாள் சுந்தரபாய்.

ஆசிர் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிறகு அந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆசிர் படித்து முடித்துத் திரும்பி, கடைக்கு எதிர்ச் சாரியில் டீசல் பம்ப் வேலை பார்க்கும் பட்டறை போட்டான். அவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. கணவர் தூத்துக்குடியில் துறைமுக வேலையில் இருந்தார், சனிக்கிழமைகளில் வருவார். வாழ்க்கை குறை சொல்ல முடியாதபடி ஓடியது.

குருவிகுளம் போகும் வழியில் ஒரு குளம் உண்டு. கார்த்திகையில் நிறையும்; பங்குனிக்குள் வற்றிவிடும். வற்றிய கரிசல் வெயிலில் வெடித்து, பிறகு மாட்டுக் குளம்பு பட்டுப் பொடியாகி, வைகாசியில் கல்லாக இறுகிக் கிடக்கும். அந்தத் தரையில் ஆண்டுக்கு ஒருநாள் ஊர்ப் பட்டறைக்காரர்கள் கார் ஓட்டுவார்கள். குளத்து ஓட்டம் என்று அதற்குப் பெயர். டீசல்காரர்களுக்கு ஒரு வண்டி, பெட்ரோல்காரர்களுக்கு ஒரு வண்டி. வெயில் ஏறும்போது தொடங்கி, சாயும்வரை சுற்றிக்கொண்டே இருக்கவேண்டும். முந்துவது முக்கியமல்ல, நிற்காமல் இருப்பதுதான் ஓட்டம். யார் அதிகம் சுற்றினார்களோ அவர்கள் ஜெயித்தவர்கள்.

அதற்குச் சில முறைகள் இருந்தன. வண்டியின் டேங்கை அடைத்துவிட்டு, பின்சீட்டில் கட்டிய வெள்ளைக் கேனிலிருந்து டியூப் வழியாகத்தான் எண்ணெய் போகவேண்டும். கேன் தீர்ந்தால் கரையோரம் கட்டிய கயிற்றுக்கு வந்து நிற்கவேண்டும். ஒரு தரப்பின் சுற்றை எதிர்த்தரப்புதான் எண்ணி, பானையில் கல் போடவேண்டும். கேனை நிரப்பும்போது ஓட்டுகிறவன் கீழே இறங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கிளாஸ் டீயைக் கடைசிவரை குடித்துவிட்டுத்தான் மறுபடி ஏறவேண்டும். எஞ்சினும் ஆளும் சூடு ஆறட்டும் என்று யாரோ ஒரு காலத்தில் வைத்த முறை. டீயை மற்றவர் ஆற்றிக்கொடுக்கக் கூடாது என்பது பிறகு சேர்ந்தது. கரையில் டீ போடுகிற மைதீன் அன்றைக்கு மட்டும் நீதிபதிபோல நடந்துகொள்வார்.

சுந்தரபாய் எல்லா ஆண்டும் போவாள். கரைமேல் வேப்பமர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். "எக்கா பஸ் ஏறி வந்து தூங்குதாங்க" என்று கேலி செய்வார்கள். அவள் கண்ணைத் திறக்காமலே சிரிப்பாள். ரோட்டில் ஒரு நொடிக்குக் கிடைக்கும் அந்த மூன்றாவது சத்தம் அங்கே நாள் முழுக்கக் கிடைத்தது.

டீசல் வண்டி ஆசிருடைய இண்டிகா. பெட்ரோல் வண்டி முத்துமணியின் எஸ்டீம். முத்துமணி வேன்களும் கார்களும் வாடகைக்கு விடுகிறவர். அவர் வண்டியை ஓட்டுபவன் ரிபாயி என்ற மெக்கானிக். எஸ்டீம் கனம் குறைந்தது, சிட்டாகப் பறக்கும். இண்டிகா மெதுவானது, ஆனால் கொஞ்சமாகக் குடிக்கும். ஒரே அளவுக் கேனில் இண்டிகா ஓடிக்கொண்டே இருக்க, எஸ்டீம் மறுபடி மறுபடி கயிற்றுக்கு வந்தது. ஆண்டுக்கு ஆண்டு டீசலே ஜெயித்தது.

ஒரு சித்திரை மாதத்தில் மைதீன் கடை பெஞ்சில் முத்துமணி பேச்சை எடுத்தார். பக்கத்தில் ஆசிரும் ரிபாயியும் இருந்தார்கள். சுந்தரபாய் பால் வாங்க வந்து நின்றிருந்தாள்.

"எம் வண்டி தோக்கலவே. டீ குடிச்சே தோக்குது" என்றார் முத்துமணி. "ரிபாயி ஒருநாள்ல குடிச்ச டீய ஒரு கல்யாண வீட்டுல குடிக்கமாட்டாங்க."

"கேன் ஒரே கேன்தான அண்ணாச்சி. ஒரே அளவு குடுத்தா அதுல என்ன அநியாயம்?" என்றான் ஆசிர்.

"அளவு ஒண்ணு. அதுக்குள்ள இருக்குற ஓட்டம் ஒண்ணா? வெளிநாட்டுல பகலும் ராத்திரியுமா ஓடுற ரேஸ்லயே டீசலுக்கு டேங்கச் சின்னதாக்கி விட்டிருக்கான். எம் மருமவன் போன்ல காட்டுனான்."

"அப்பம் ஒங்க வண்டி கனம் கம்மியா இருக்கே, அதுக்கு எத்தன உளுந்து மூட்டைய அது முதுவுல ஏத்தட்டும்?"

மைதீன் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சங்கரன்கோயில்ல உக்காந்துகிட்டு யாரு பெரியவருன்னு சண்டை போடுதீயளே. உள்ள போயிப் பாருங்கவே, சிவன் பாதி, பெருமாள் பாதியா நிக்காரு. அந்தச் சண்டைய எப்பமோ தீத்தாச்சு."

"சாமி கேன்ல குடிக்கலியே மைதீனு" என்றார் முத்துமணி. எல்லோரும் சிரித்தார்கள், அவரைத் தவிர. "டீசல் கேன்ல அளவக் கொறைங்க. இல்லன்னா இந்த வருஷம் எம் வண்டி வராது. நீங்க மட்டும் சுத்திகிட்டு இருங்க, செக்கு மாடு மாதிரி."

"எவ்வளவு கொறைக்கன்னு யாரு சொல்லுதது?" என்றான் ஆசிர். "அங்கன அதுக்குன்னு படிச்சவன் இருக்கான். இங்கன யாரு இருக்கா?"

ரிபாயிதான் சொன்னான்: "எக்கா இருக்காங்க. ரெண்டு அலமாரியும் அவங்களுதுதான."

முத்துமணி அவளையும் அவள் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தார். மறுத்தால் அது வேறு பேச்சாகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ, "சரி, அக்கா சொல்லட்டும்" என்றார். சுந்தரபாய் பால் தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு, "ரெண்டு வண்டியவும் ஞாயித்துக்கெழம கோயில் ஆராதன முடிஞ்ச பொறவு குளத்துக்குக் கொண்டுவாங்க. ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. யார் வண்டி வேகமோ அதற்கு அளவு குறையும், யார் வண்டி தளர்வோ அதற்கு அளவு கூடும் என்று ஆசிருக்கும் ரிபாயிக்கும் தெரியும். கயிறு அவிழ்ந்தது. இரண்டு வண்டியும் கிளம்பின; ஆனால் புழுதி கிளம்பவில்லை. இண்டிகா ஏதோ இழவு வீட்டுக்குப் போவதுபோலப் போயிற்று. எஸ்டீம் அதற்கும் பின்னால், நோயாளியை ஏற்றிக்கொண்டு பள்ளம் பார்த்துப் போவதுபோல வந்தது. குளத்துக்குள் மேய்ந்த ஆடுகள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இரண்டையும் தாண்டி எதிர்க்கரைக்குப் போயின.

"ஏலே ரிபாயி, ஆடு ஹாரன் அடிக்குது, வழி விடுலே" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான்.

"ரெண்டும் ஊர்கோலம் போவுதே, பின்னால சப்பரம் வருதா?" என்றான் இன்னொருவன்.

சுந்தரபாய் கண்ணை மூடியிருந்தாள். எஞ்சின்கள் பொய் சொல்வது அவளுக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில் எழுந்து கையை உயர்த்தினாள். வண்டிகள் நின்றன.

"ஆசிரு, நீ எஸ்டீம எடு. ரிபாயி, நீ இண்டிகாவ எடு" என்றாள். "இப்பம் ஓட்டுங்க."

இருவரும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எதிரியின் வண்டி எவ்வளவு வேகம் என்று காட்டினால்தானே தன் வண்டிக்கு நல்லது. ஆசிர் நெட்டையன், எஸ்டீமுக்குள் முட்டியை மடக்கித் திணித்துக்கொண்டு உட்கார்ந்தான். அதன் பிறகு அந்தக் குளத்தில் எழுந்த புழுதி குருவிகுளம் வரை தெரிந்திருக்கும். ரிபாயி இண்டிகாவை அதன் பிறவியில் யாரும் விரட்டாத விரட்டு விரட்டினான். ஒவ்வொரு வளைவிலும் ஆசிர் எஸ்டீமின் அடிவயிற்றைத் தரையில் தேய்த்தான். "ஏலே, அது எம் வண்டிலே" என்று முத்துமணி கயிற்றோரமாக ஓடினார். கேன்கள் தீரப்போகும்வரை ஓட்டினார்கள். இறங்கியபோது இருவர் முகத்திலும் ஒரே கரிசல் பூசியிருந்தது. ரிபாயி இண்டிகாவின் பானெட்டைத் தட்டி, "இவ்வளவு ஓட்டத்த ஒளிச்சு வச்சிருக்கியேலே" என்றான். "ஓம் வண்டி என்ன, ஒளிக்கலியா?" என்றான் ஆசிர்.

மறுநாள் மத்தியானம், ஷட்டர் பாதி இறங்கிய கடையில், டீசல் கேனில் எதுவரை ஊற்றலாம் என்ற கோட்டை அவள் முடிவு செய்தாள். எளிதான வேலையல்ல. பெட்ரோல் வண்டி வேகத்தில் மிச்சப்படுத்துவதை டீயில் இழக்கிறது. டீசல் வண்டி குடிப்பது குறைவு. ஆனால் கேனின் அடியை அதனால் தொட முடியாது. எண்ணெய் தீர்ந்து டியூபில் காற்றுப் புகுந்துவிட்டால் டீசல் எஞ்சின் படுத்துவிடும்; காற்றை வெளியேற்றி எழுப்புவதற்குள் ஓட்டமே முடிந்துவிடும். பெட்ரோல் வண்டி கடைசிச் சொட்டுவரை உறிஞ்சலாம். ஆகவே டீசல் கேனில் எப்போதும் கொஞ்சம் வீணாகக் கிடக்கும். அதையும் கணக்கில் சேர்த்தாகவேண்டும். சமம் என்று ஒரு பொருள் எங்கும் தனியாக இருப்பதில்லை. யாராவது ஒருவர் ஒரு பக்கம் நின்று, இதற்கு அது ஈடு என்று சொல்லவேண்டியிருக்கிறது. அவள் கண்ணை மூடி வெகுநேரம் இருந்தாள். பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, டீசலுக்கான வெள்ளைக் கேனில் வாய்க்குக் கீழே ஒரு கோடு கீறினாள். ஆசிரையும் ரிபாயியையும் கூப்பிட்டுக் காட்டினாள். ரிபாயி கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "சரியாத்தான் இருக்கு எக்கா" என்றான். ஆசிர் கோட்டின்மேல் பெருவிரலை வைத்துப் பார்த்துவிட்டு, "ம்" என்றான்.

அந்த ஆண்டு ஓட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படி ஒன்றை முன்பு பார்த்ததில்லை. காலையில் யார் முன்னால் என்று சொல்ல முடிந்தது. மத்தியானத்துக்குப் பிறகு முடியவில்லை. வெயில் உச்சிக்கு வந்தபோது கானல் எழுந்து குளம் நிறைந்துவிட்டது. கார்த்திகையில் நிற்பதுபோல நீர் கரைக்குக் கரை தளும்பியது. வண்டிகள் அந்த நீருக்குள் இறங்கின. சக்கரம் மறைந்தது, கதவு மறைந்தது, கூரை மட்டும் பரிசல்போல மிதந்து போயிற்று. பிறகு நனையாமல் இந்தப் பக்கம் கரையேறி வந்தன. சுற்றிச் சுற்றி ஒன்றே நடந்ததால் காலம் நடக்காததுபோல இருந்தது. கல் போடுகிறவர்கள்கூடக் கனவில் போடுவதுபோலப் போட்டார்கள். சுந்தரபாய் கண்ணைத் திறக்கவில்லை. செருமலும் கிழிசலும் எங்கோ தூரத்தில் சேர்ந்து, ஒரே நூலாக முறுக்கேறி, கரையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன. அவள் உதடுகள் லேசாகப் பிரிந்திருந்தன. அவளுக்கு எது வேண்டுமோ அது அவளுக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்று அன்று அவளைப் பார்த்த எவரும் சொல்லியிருக்க முடியும்.

வெயில் சாயும் நேரம் இரண்டு பானையிலும் கல் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தது. ஆசிர் அன்று முழுவதும் ஒன்று செய்துகொண்டிருந்தான்: வளைவு வருவதற்கு வெகு முன்னாலேயே ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வண்டியை அதன் போக்கில் உருளவிட்டான். சொட்டுச் சொட்டாகச் சேமித்தது கடைசியில் உதவியது. இண்டிகா கேனில் இன்னும் ஓட்டம் இருந்தது. ரிபாயி கடைசியில் அவசரப்பட்டு மிதித்துவிட்டு, ஒரு டீக்காகக் கயிற்றுக்கு வரவேண்டியதாயிற்று. கொதிக்கக் கொதிக்க ஒரே மடக்கில் குடித்துவிட்டு ஓடினான். எட்டவில்லை. ஒரு சுற்று வித்தியாசத்தில் மறுபடியும் டீசல் ஜெயித்தது.

"நாக்கு வெந்தது எனக்கு, ஜெயிச்சது ஒனக்கு" என்று ரிபாயி ஆசிரின் தோளில் கை போட்டான்.

முத்துமணி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கோடு, கோடுன்னு சொன்னாங்க. அக்கா போட்ட கோடு. தம்பி பக்கந்தான வளையும்."

அவரைச் சுற்றி நின்றவர்கள் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. சுந்தரபாய் நாற்காலியை மடக்கி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. குளம் நிறைந்தது. ஒருமுறை குருவிகுளத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது பஸ் ஜன்னலிலிருந்து அவள் அதைப் பார்த்தாள். வேப்பமரத்தின் அடிவரை நீர். ஓட்டப்பாதை இருந்த இடத்தில் கொக்குகள் நின்றன. வெயிலில் பார்த்த பொய் நீருக்கும் இந்த நீருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கூட வந்த ஆசிர் சொன்னான்: "எக்கா, அந்தக் கோடு சரியான கோடுதான். ஒனக்குத் தெரியும்லா?" அவள், "தெரியும்" என்றாள். பஸ் குளத்தைத் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுபடி சித்திரை வந்தது. ரிபாயி கிளட்ச் கேபிள் வாங்க வந்தவன் போகாமல் நின்றான்.

"என்னலே?"

"மொதலாளி வண்டிய அனுப்பமாட்டேங்காரு எக்கா. அங்கன போயி எதுக்கு டீ குடிக்கன்னு கேக்காரு. இனிமே குளத்து ஓட்டம் இல்லன்னுதான் நெனைக்கேன்."

"நீ என்ன சொல்லுத?"

"போன வருஷக் கோட்டுல ஒரு தப்பும் இல்ல. நான் கடைசில மிதிச்சதுதான் தப்பு. அத அவருட்டயே சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு. நீயும் அந்தக் கடையிலதான சாமான் வாங்குதன்னாரு."

சுந்தரபாய் கேபிளைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றி முடித்த பிறகும் அதைக் கொடுக்காமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு டீசல் லோடு வண்டியும் எதிரே ஒரு காரும் கடந்தன. "அவர ஒரு தடவ வண்டியோட குளத்துக்கு வரச்சொல்லு. பாக்கட்டும். புடிக்கலன்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிரட்டும்" என்றாள்.

ஓட்டத்தன்று முத்துமணி வந்தார். எஸ்டீமைக் கயிற்றிலிருந்து தள்ளியே நிறுத்தச் சொல்லி, அதன்மேல் சாய்ந்து நின்றார். அவர் ஆட்களும் அவரைச் சுற்றி நின்றார்கள். காற்று அந்த ஆண்டு சீக்கிரமே தொடங்கியிருந்தது. மேற்கே தூரத்தில் காற்றாலைக் காற்றாடிகள் தூக்கத்தில் கை அசைப்பதுபோலச் சுழன்றுகொண்டிருந்தன. மைதீன் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, டீத்தூளைப் போடாமல் காத்திருந்தார். ஓட்டம் உண்டா இல்லையா என்பது அவருக்கும் தெரியவில்லை.

சுந்தரபாய் ஆசிரின் வண்டியிலிருந்து காலிக் கேனை எடுத்து வரச்சொன்னாள். பெஞ்சில் வைத்தாள். போன வருஷத்துக் கோடு கரிசல் ஏறிக் கறுப்பாகத் தெரிந்தது. கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். பழைய கோட்டுக்கு ஒரு விரல் கீழே, அதற்கு இணையாக, புதிதாக ஒன்று கீறினாள். பிளாஸ்டிக் சுருள் சுருளாக உரிந்து விழுந்தது. ஊதிவிட்டாள்.

முதலில் ரிபாயிதான் வாயைத் திறந்தான். "எக்கா, என்ன பண்ணுதீய? மேல உள்ளதுதான் சரியான கோடு. நாந்தான் சொன்னேனே."

"நீ சொன்ன."

முத்துமணி காரிலிருந்து நிமிர்ந்தார். "நான் இப்படிக் கேக்கலியே தாயி" என்றார். அவர் குரலில் சங்கடம் இருந்தது.

"நீங்க கேக்கல" என்றாள்.

அன்று அவள் செய்ததற்கு ஊரில் பல காரணங்கள் சொல்கிறார்கள். தம்பிக்குச் சாய்ந்தாள் என்ற சொல்லைப் பொறுக்கமுடியாமல் செய்தாள் என்பார்கள் சிலர். ஓட்டம் நின்றுபோகாமல் இருக்க ஒருவர் குறைவாகக் குடித்துத்தான் ஆகவேண்டும். அந்த ஒருவராகத் தன் ஆளை வைத்தாள் என்பார் மைதீன். ஏசுவடியான் வீட்டுக் கதையைத் தெரிந்தவர்கள், படிப்பும் கடையும் ஒரே எடை என்ற பழைய கணக்குதான் அது என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஆசிரின் கால் இலேசானது, அந்த ஒரு விரலை அவன் வளைவுகளில் மீட்டுக்கொள்வான் என்று அவள் காதுக்குத் தெரியும் என்பது ரிபாயியின் நம்பிக்கை. எல்லாம் அவள் காதுபடவே சொல்லப்பட்டவைதான். எதற்கும் அவள் தலையாட்டியதில்லை.

அவள் கேனைத் தூக்கித் தம்பியிடம் நீட்டினாள். ஆசிர் வாங்கிக்கொண்டான். இரண்டு கோட்டையும் பார்த்தான். சோற்றுத் தட்டுக்கு முன்னால் குனிந்திருந்த பையனைப்போல அவன் தலை குனிந்திருந்தது.

"சரிதானா?" என்று கேட்டாள் சுந்தரபாய்.

ஆசிர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். முத்துமணியின் ஆட்களில் ஒருவன் இருமினான். காற்று கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தது.

"சரிதான்க்கா" என்றான்.

மைதீன் டீத்தூளை அள்ளிப் போட்டார். முத்துமணி எஸ்டீமின் கதவைத் திறந்து, ரிபாயியை உள்ளே போகச்சொல்லிக் கையைக் காட்டினார். சுந்தரபாய் கரையேறி, நாற்காலியை நிழலுக்கு இழுத்துப்போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கீழே ஆசிர் கேனைப் பெஞ்சில் வைத்து டீசலை ஊற்றினான். மஞ்சளாக ஏறி வந்து கீழ்க்கோட்டைத் தொட்டதும் நிறுத்தினான். அதற்கு மேலே, இரண்டு கோட்டுக்கும் நடுவில், ஒரு விரல் அகலத்துக்கு வெயில் தெரிந்தது.